கழற்றும் முன் அளந்து காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் ரிப்பேர் செலவு பற்றி நம் குமரி மாவட்டத்தில் கேட்கும் புலம்பல் எல்லாம் பில் கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்குள் பழைய சாமான் ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்குப் போயிருக்கும். புதியது வண்டியில் ஏறியிருக்கும். எது கெட்டிருந்தது, எது நன்றாக இருந்தது என்று அதன்பின் யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே பணத்தைக் காப்பாற்ற வேண்டிய நேரம் பில் வரும் நேரமல்ல. பானெட்டைத் திறக்கும் நேரம்.

நம் ஊரில் கார் வாங்கியவர் பெரும்பாலும் வளைகுடாவில் இருக்கிறார். வண்டியைப் பார்த்துக்கொள்வது வயதான பெற்றோரோ மனைவியோதான். வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது. இடவப்பாதி மழை, ஐப்பசி மழை என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று. இந்த நிலையில் வண்டியில் உண்மையான பழுதும் வரும். அந்த உண்மையான பழுதின் முதுகில் ஏறிப் பொய்ப் பழுதும் வரும். இரண்டையும் பிரிக்க மெக்கானிக் வேலை படிக்க வேண்டியதில்லை. காரில் தேயும் பாகம் ஒவ்வொன்றுக்கும், இதற்குமேல் ஓடாது என்று சொல்லும் ஓர் அளவு இருக்கிறது: மில்லிமீட்டர், வோல்ட், கிராம், லிட்டர் என்று ஏதோ ஒன்றில். “மாத்தணும்” என்று சொல்பவரிடம் “எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கணும்? அளந்து காட்டுங்க தம்பி” என்று கேட்டால் போதும். நேர்மையான தொழிலாளி மகிழ்ச்சியோடு காட்டுவார்.

அதற்கும் முன்னால் ஒன்று. வண்டியை விடும்போது கோளாறைச் சொல்லுங்கள், பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். “வீல் பேரிங் போயிருக்கும்போல, பாருங்க” என்றால் பேரிங் மாற்றுவதற்கு நீங்களே சம்மதம் கொடுத்ததாகிவிடும். சத்தம் நிற்காவிட்டால் “நீங்க சொன்னதைத்தானே செஞ்சோம்” என்பார்கள். “60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா முன்பக்கம் இடது சைடுல உறுமல் சத்தம், வலப்பக்கம் வளைச்சா கூடுது” என்று சொல்லுங்கள். எப்போது, எந்த வேகத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போதா, ஆறியிருக்கும்போதா, மழையிலா, ஏ.சி. போட்டாலா என்பதையெல்லாம் பட்டறையின் வேலைக் குறிப்பு அட்டையான ஜாப் கார்டில் எழுதச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் எண்ணும் எரிபொருள் அளவும் அந்தப் படத்தில் வரட்டும். தெருமுனைப் பட்டறையில் ஜாப் கார்டு இருக்காது. அங்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும்: “சொன்ன வேலைக்கு மேல் எது செய்தாலும் விலை சொல்லிக் கேட்டபின் செய்யவும். கழற்றிய சாமானை டிக்கியில் வைக்கவும்.” இந்த இரண்டு வாக்கியம் மிச்சப்படுத்தும் பணம், பில்லைப் பார்த்து எத்தனை மணி நேரம் வாதாடினாலும் மிச்சமாகாது.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். பயமுறுத்திப் பணம் பறிக்க அதுதான் வசதியானது. “பிரேக் சரியில்ல, குடும்பத்தோட போற வண்டி” என்று சொன்னால் யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

மழைக்காலத்தில் இரவு முழுக்க நின்ற வண்டியை காலையில் எடுக்கும்போது முதல் நாலைந்து பிரேக்குக்கு கரகரவென்று சத்தம் வரும். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க் வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் ஓர் இரவிலேயே மேலே மெல்லிய செந்துரு படியும். அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் உரசியதும் போய்விடும். அதைப் பார்த்து டிஸ்க் மாற்ற வேண்டியதில்லை. டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ அதன் குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று வார்ப்பிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மேலே இருந்து, ஆழமான கீறலோ பெடலில் அதிர்வோ இல்லாமல் இருந்தால் தேவையில்லை. புதுப் பிரேக் பேடில் உரசும் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டை விட்டுவிட்டு அளந்தால் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்ற வேண்டும். 6 இருக்கும்போது மாற்றச் சொன்னால் பாதி ஆயுளைக் குப்பையில் போடுகிறீர்கள்.

இங்கே இன்னொரு நுணுக்கம். முன் டிஸ்க் பேட் ஒரு பெட்டியில் நான்கு வரும். அந்த நான்கும் முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து. பில்லில் “முன் பேட் 2 செட்” என்று இருந்தால் ஒரு செட் உங்கள் வண்டிக்கு வரவில்லை. பின்சக்கர டிரம் பிரேக்கில் உரசும் ஷூவும் அப்படித்தான், நான்கு சேர்ந்ததுதான் ஒரு செட். உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து வெளிப்பக்கப் பேட் தடிமனாக இருந்தால், பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் கம்பியான ‘பின்’, கிரீஸ் வற்றி இறுகியிருக்கிறது என்று பொருள். கடலோர வண்டிகளில் இது அடிக்கடி வரும். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் வைக்காமல் பேடை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதே சக்கரம், அதே செலவு. பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலைச்சாலையில் அடிக்கடி ஓடும் வண்டிக்கு பேட் சீக்கிரம் தேயும், அது இயற்கை. ஆனாலும் அளந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது ஸ்டார்ட் ஆகாத வண்டி. ஊருக்கு லீவில் வந்து முதல் நாள் சாவி போட்டால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. “பேட்டரி செத்துப்போச்சு” என்று உடனே புதியது மாட்டிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: பூட்டி நிற்கும் காரிலும் கடிகாரம், அலாரம், கணினிப் பெட்டி ஆகியவை சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி போகும். சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் வற்றிவிடும். வற்றியது வேறு, கெட்டது வேறு. சார்ஜரில் 3, 4 ஆம்பியர் அளவில் 10, 12 மணி நேரம் போட்டு, எடுத்து ஓர் இரவு வைத்து, மறுநாள் மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் அருகில் நின்றால் உயிர் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது. பிறகு பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டர் வைத்து, ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் பேட்டரி போனது உண்மை. ஆறு மாதம் வற்றிக் கிடந்த பேட்டரி பெரும்பாலும் திரும்பாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாடு போகும்முன் நெகட்டிவ் டெர்மினலை 10 எம்.எம். ஸ்பானரால் கழற்றி வைத்தால் இந்தச் செலவே வராது. ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் “ஸ்டார்டர் மோட்டார் மாத்தணும்” என்பது அடுத்த படி. உப்புக்காற்று ஊரில் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல, எர்த் வயரை. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் கறுப்பு வயரின் முனையில் பச்சை, வெள்ளைப் பூப்பு பிடித்திருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த எர்த் இணைப்பில்தான். சுடுதண்ணீரில் சமையல் சோடா கலந்து ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்தபின் முறுக்கி, மேலே வாஸலின் தடவினால் வேலை முடிந்தது. இதற்குக் கூலி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மோட்டார் விலை கொடுக்க வேண்டியதில்லை.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. புதிய சில மாடல்களில் கணினியே இதைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், அந்த வண்டிகளில் ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. பேட்டரி மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய பேட்டரிக்கு ஈய விலை உண்டு. அது பில்லில் கழிந்திருக்கிறதா, வாரண்டி அட்டையில் இருக்கும் சீரியல் எண் பேட்டரி மேல் இருப்பதுதானா என்று பாருங்கள்.

ஏ.சி. விஷயத்தில்தான் நம் மக்கள் அதிகம் இழக்கிறார்கள். “வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்” என்பது தவறு. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஹோஸ் வழியாகப் பல ஆண்டில் மெல்லக் கசியலாம். ஒரே சீசனில் குளிர் போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, கிழிந்த கோணியில் நெல் அளப்பது போல. நம் பக்கம் ஓட்டை விழும் இடம் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் உப்புக்காற்றை நேரே வாங்கும் கண்டன்சர். கேஸோடு எண்ணெயும் கசிவதால் ஓட்டை உள்ள இடத்தில் தூசி அப்பிக் கறையாகத் தெரியும். நைட்ரஜன் அடைத்து சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அந்தக் குமிழியைக் காட்டச் சொல்லுங்கள்.

குளிர் குறைந்தது கேஸ் இல்லாததாலா என்பதே முதல் கேள்வி. டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். பல கார்களில் கையாலேயே எடுத்துவிடலாம். தூசியும் சருகும் அடைத்திருந்தால் காற்றே வராது, குளிர் எங்கிருந்து வரும்? அடுத்து, ஏ.சி. போட்டதும் முன்னால் மின்விசிறி சுற்றுகிறதா, கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் கிளட்ச் டக் என்று ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் “கம்ப்ரஸர் அவுட்” என்று பெரிய தொகை சொல்வதற்கு முன், அதற்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. கேஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டர் மாட்டினால், வண்டி நன்றாக ஆறி எஞ்சின் ஓடாத நிலையில், நம்மூர் 30 டிகிரி வெயிலுக்கு பெரும்பாலான வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் இரண்டு பக்கமும் 90, 100 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும். 50-க்குக் கீழே கிடந்தால் கேஸ் வெளியேறிவிட்டது. 90-ல் நிற்பதால் முழு அளவு இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனால் காலி இல்லை என்பது உறுதி.

எவ்வளவு கேஸ் வேண்டும் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சின்ன கார்களுக்கு அநேகமாக 350 முதல் 500 கிராம் வரை. முறையான வேலை என்றால் இருக்கும் கேஸை மெஷினில் இழுத்து, 20, 30 நிமிடம் வேக்கூம் போட்டு (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி), ஸ்டிக்கரில் உள்ள கிராமை எடை போட்டு ஏற்ற வேண்டும். கையில் குழாயைத் தொட்டுப் பார்த்து “ஆங், குளுந்துருச்சு” என்று நிறுத்துவது வேலை அல்ல. கேஸ் கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸரும் திணறும்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போடுகிறார்கள். “சென்சார் போச்சு” என்ற தீர்ப்பு வருகிறது. ஸ்கேனர் சொல்வது எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது என்பதை மட்டும். எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல. பி 0171 என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்தால் கலவையில் காற்று அதிகம் என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் அந்தச் செய்தியைச் சரியாகச் சொன்ன பாவத்துக்கு அதை மாற்றிவிடுகிறார்கள். எலி கடித்த வேக்கூம் ஹோஸ், அழுக்கேறிய காற்று சென்சார், குறைந்த பெட்ரோல் அழுத்தம் எதுவும் இதற்குக் காரணமாகலாம். பி 0113 என்றால் காற்று வெப்பநிலை சென்சாரின் இணைப்பு திறந்து கிடக்கிறது. பல நேரம் ஏர் ஃபில்டர் மாற்றியவர் பிளக்கை மறுபடி மாட்டாமல் விட்டதுதான் காரணம். விளக்கை அணைக்கும் முன் கோடு எண்ணைத் திரையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் இன்னொரு பட்டறையில் கேட்கலாம். அழித்துவிட்டால் கேட்க எதுவும் இல்லை. எலி விஷயத்திலும் அப்படியே: தென்னந்தோப்பு ஓரம் நிற்கும் வண்டியில் வயர் கடிபடுவது சகஜம். இரண்டு வயர் அறுந்ததற்கு முழு வயரிங் செட் மாற்றச் சொன்னால், எந்த வயர் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டால் பெரும்பாலும் தீரும். ஏர்பேக் வயரில் மட்டும் ஒட்டுவேலை வேண்டாம்.

சாதாரண சர்வீஸிலும் சில எண்களை மனதில் வையுங்கள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஃபில்டரோடு சேர்த்து எஞ்சின் ஆயில் ஏறக்குறைய 3 முதல் 3.5 லிட்டர், உங்கள் வண்டிக்குச் சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. 4 லிட்டருக்குப் பில் போட்டால் மீதி ஆயில் கேனோடு உங்களிடம் வர வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் மூன்றுதான். ஆல்ட்டோ, டியாகோ ஓட்டுபவர்கள் பில்லில் நான்கு இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. மாருதியின் கே சீரிஸ் எஞ்சினில் இருப்பது டைமிங் செயின். அந்த வண்டிக்கு “டைமிங் பெல்ட் மாத்தினோம்” என்று எழுதியிருந்தால் எழுதியவரிடம் பெல்ட்டைக் கேளுங்கள். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், த்ராட்டில் ஸ்ப்ரே என்று கேட்காமலே சேரும் பாட்டில்கள் கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, திறந்த சமதளத்தில் ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, நான்காவது கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம்.

இனி பில். பாகம் வந்த பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் இருக்கும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. 1,180 ரூபாய் என்று பெட்டியில் போட்டிருந்தால், பில்லில் 1,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 180 ரூபாயும் என்று பிரித்து எழுதுவது சரி. 1,180 எழுதி அதன்மேல் 18 சதவீதம் ஏற்றுவது தவறு. நம் பக்கம் இது பரவலாக நடக்கிறது. பில்லில் வரி என்று பார்த்ததும் யாரும் கேள்வி கேட்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம். 28 போட்டால் அது பழைய கணக்கு. தமிழ்நாட்டுக் கடையின் ஜி.எஸ்.டி. எண் 33 என்றும், எல்லை தாண்டிக் கேரளத்தில் 32 என்றும் தொடங்கும். மொத்தம் 15 எழுத்து. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண்ணே இல்லாத கடையும், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடையும் உங்களிடம் ஜி.எஸ்.டி. தனியாக வசூலிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் வண்டிக்காரர்கள் மேலும் குறை இருக்கிறது. பாகத்தின் விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, கூலியில் நூறு நூறாகக் குறைக்கிறோம். முன்சக்கர இழுவை காரில் கிளட்ச் மாற்ற வேண்டுமானால் டிரைவ் ஷாஃப்ட்டை உருவி, கியர் பெட்டியை இறக்கி ஏற்ற வேண்டும். அது இடுப்பொடியும் அரைநாள் வேலை. அந்தக் கூலியை வெட்டினால் அவர் அதைப் பாகத்தில்தான் எடுப்பார். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும் தனிக் கூலி உண்டு என்பதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் மீட்டர் பிடித்து எர்த் வயரில் கோளாறு என்று சொன்னவருக்கு ஐம்பது ரூபாயும், ஐந்து நிமிடத்தில் ஸ்டார்டர் மாற்றியவருக்கு ஆயிரக்கணக்கிலும் கொடுத்தால், அடுத்த தடவை யாரும் மீட்டர் எடுக்க மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனு செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. களியக்காவிளைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த வண்டியானாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. ஜாப் கார்டு படம், பில், பெட்டி, கழற்றிய பாகம் நான்கும் இருந்தால் வழக்குக்கு வலு உண்டு.

மாவட்ட நிர்வாகத்துக்கு இரண்டு கோரிக்கைகள். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பட்டறைகளில் பத்து முக்கிய வேலைகளின் கூலியைத் தமிழில் எழுதிப் பலகை வைக்க, பட்டறை உரிமையாளர்களை அழைத்துப் பேச வேண்டும். பிரேக் பேட் தடிமன், பேட்டரி வோல்ட், டயர் தேய்மானம் ஆகிய மூன்றையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கும் முகாமை, கோணம் அரசு ஐ.டி.ஐ. போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கொண்டு மாதம் ஒருநாள் நடத்தலாம். மாணவர்களுக்கு அது பயிற்சி. வண்டிக்காரர் பட்டறைக்குப் போகும்போது கையில் அந்தச் சீட்டு இருக்கும்.

இப்படிக்கு,
வாகனப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
தக்கலை, குமரி மாவட்டம்.